முந்நூற்றுப் பதினேழுக்கு நோய் கொடுத்த வருஷம்

என் பிரிவுத் தலைவர் ஒரு கரும்பைக்கூட மரியாதைக் குறைவாகத் தூக்கிப் போட்டதில்லை. கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். வயலில் வரிசை வரிசையாக நடப்பார். ஒவ்வொரு கரும்புத் தூரின் முன்னாலும் இரண்டு நொடி நிற்பார். தலையை லேசாகச் சாய்த்து, "இவிங்களைப் போட்டுருங்க" என்பார். பின்னாலேயே சிவப்புப் பெயின்ட் டப்பாவோடு போகும் நான் அந்தத் தூரில் ஒரு கோடு இழுப்பேன். அடுத்த தூர். "இவிங்களையும் போட்டுருங்க." கோடு. மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஒரு கிராமத்தையே காலி பண்ணியிருப்போம், அவ்வளவு பணிவோடு.

புதுக் கரும்பு ரகம் உருவாக்குவது எங்கள் வேலை. 'உருவாக்குவது' என்ற சொல்லை நம்பித்தான் நானும் வேலைக்குச் சேர்ந்தேன். விவசாயி கரும்பு நடுவது கரணையில், அதாவது கணுவோடு வெட்டிய துண்டில். அதில் வருவது தாயின் அச்சு. ஒரு மாற்றமும் இருக்காது. புது ரகம் வேண்டுமென்றால் கரும்பைப் பூக்கவிட்டு, ஒன்றின் மகரந்தத்தை இன்னொன்றின் பூவில் சேர்த்து, விதை எடுக்க வேண்டும். பார்த்தால் விதை என்றே சொல்ல முடியாது, பஞ்சுத் தூசி மாதிரி பறக்கும். அதில் முளைக்கும் ஒவ்வொரு நாற்றும் ஒரு தினுசு. ஒரே அப்பா அம்மாவுக்குப் பிறந்தாலும் ஒன்று குண்டு, ஒன்று ஒல்லி, ஒன்று இனிக்கும், ஒன்று சப்பென்றிருக்கும், ஒன்று முதல் மழைக்கே சாய்ந்து படுத்துக்கொள்ளும். ஆயிரக்கணக்கில் நட வேண்டும். வருஷா வருஷம் சலிக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு அதில் ஒன்றே ஒன்று விவசாயி கைக்குப் போனால் அதிர்ஷ்டம். ஆக, எங்கள் தொழிலில் உருவாக்குவது ஒரு வாரம். மிச்ச நாளெல்லாம் தூக்கிப் போடுவது.

வயல் எங்கள் சர்க்கரை ஆலையை ஒட்டி, சென்னையிலிருந்து தெற்கே அரை நாள் பயணத்தில் இருந்தது. அலுவலகம் தி. நகரில், ஒரு புடவைக் கடைக்கு மேலே. வயலில் இழுத்த சிவப்புக் கோடுகளைக் கணினியில் ஏற்றுவதுதான் அங்கே எனக்கு வேலை. கீழே ஒலிபெருக்கி தெருவில் போகிற அத்தனை பேரையும் "உள்ளே வாங்க, உள்ளே வாங்க" என்று அழைத்துக்கொண்டிருக்கும். மேலே நான் 'நீக்கம், நீக்கம், நீக்கம்' என்று தட்டிக்கொண்டிருப்பேன்.

முந்நூற்றுப் பதினேழாம் எண் தூரையும் தலைவர் அதே இரண்டு நொடியில்தான் பார்த்தார். ஒல்லி. மொத்தமே நாலு கரும்பு. அதில் ஒன்று பக்கத்து வரிசைமேல் சாய்ந்து நின்றது, பஸ்ஸில் தூங்கி விழுகிறவர் மாதிரி. "இவிங்களைப் போட்டுருங்க." நான் கோடு இழுத்தேன். அவர் நாலு தூர் தள்ளிப் போனதும், என்ன தோன்றியதோ, பையிலிருந்து பிரிக்ஸ் மீட்டரை எடுத்தேன். சின்னத் தொலைநோக்கி மாதிரி இருக்கும். கண்ணாடியில் ஒரு சொட்டுச் சாறு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் எவ்வளவு இனிப்பு என்று கோடு காட்டும். கோடு இருபத்துமூன்றில் நின்றது. அந்த வயலில் இருபதைத் தாண்டியதையே நான் விரல்விட்டு எண்ணியிருந்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு சொட்டு. இருபத்துமூன்று. மூன்றாவது தடவை வாயில் விட்டுப் பார்த்தேன். அதற்கு மீட்டரே தேவையில்லை.

"சார், இது இனிக்குது சார்."

"இனிக்கும்ங்க," என்றார் திரும்பாமலே. "இனிச்சா மட்டும் பத்தாதுங்களே. நாலு கரும்பை வெச்சுட்டு விவசாயி என்ன பண்ணுவார்? அப்புறம் நோய் வந்தா? இனிப்பைப் பாத்து ஒருக்கா ஏமாந்திருக்கேனுங்க. ஊரு ஊரா நட்டாங்க. மூணாம் வருஷம் செவ்வழுகல் வந்து அத்தனையும் போச்சு. அந்த ஊருப் பக்கம் இன்னும் நான் போறதில்லீங்க."

செவ்வழுகலைக் கரும்பின் புற்றுநோய் என்பார்கள். ஒரு பூஞ்சை. வெளியே பார்த்தால் கரும்பு நன்றாக நிற்கும். பிளந்தால் உள்ளே ரத்தச் சிவப்பு, நடுநடுவே வெள்ளைத் திட்டு, புளித்த சாராய வாடை. மருந்தடித்துக் காப்பாற்ற முடியாது. நோய் தாங்கும் ரகத்தை நடுவது ஒன்றுதான் வழி. அதற்குத்தான் நாங்கள்.

இதெல்லாம் தெரிந்துதான் சாயங்காலம் முந்நூற்றுப் பதினேழிலிருந்து கரணைகளை வெட்டிச் சாக்கில் கட்டிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். அவர் சாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வயல்ல எடமில்லீங்க."

"எங்க வீட்டு மாடியில வெச்சுக்கறேன் சார்."

சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. உள்ளே போய் இன்னொரு சின்ன மூட்டையோடு வந்தார். "இதையும் கூட நடுங்க. பழைய ரகம். பாவம், நோய்னா ஒடனே விழுந்துருவார். ஆடி மாசத்துல ரெண்டு பேருக்கும் நோய் குடுத்துப் பாருங்க. மெட்ராஸ்ல கரும்புக் காடு ஒண்ணுமில்லை, நோய் பரவுறதுக்கு வழியில்லீங்க. உங்காளு தாங்குனா அடுத்த தை மாசம் நடவுல ஒரு வரிசை தாரேன். தாங்கலைன்னா போட்டுரோணும். மார்கழிக்கு முன்னால பதில் சொல்லிருங்க." பிறகு மூட்டையைத் தட்டி, "இவர் படுத்தாத்தானுங்க சோதனை நெசம். அதை மறந்துராதீங்க" என்றார்.

ஒரு வரிசை. எனக்குக் காதில் விழுந்தது அது மட்டும்தான்.

அப்போது நான் குடியிருந்தது மயிலாப்பூரில், கடற்கரைக்குப் போகும் ஒரு சந்தில், மொட்டை மாடி அறையில். கீழே வீட்டுக்காரம்மா. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர்; தனியாக இருந்தார். சந்து மொத்தமும் அவரை 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடும், அவரைவிட வயதில் பெரியவர்கள்கூட. சந்தில் யாருக்குக் கால் சுளுக்கினாலும் முதலில் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். மாதா படத்துக்குக் கீழே ஒரு அலமாரி. அதில் பஞ்சு, காஸ் துணி, கத்தரிக்கோல், சர்ஜிக்கல் ஸ்பிரிட் எல்லாம் சிப்பாய்கள் மாதிரி வரிசையில் நிற்கும்.

பிளாஸ்டிக் பீப்பாய் இரண்டைக் குறுக்கே அறுத்து நாலாக்கி, மாடிப்படியில் நான் உருட்டிக்கொண்டு ஏறியபோது சிஸ்டர் வாசலில் நின்று பார்த்தார்.

"இன்னா பாப்பா, தண்ணிப் பஞ்சத்துக்கா?"

"கரும்பு நடப் போறேன் சிஸ்டர்."

"கடையில விக்கிறானே."

"இது விக்காத கரும்பு."

"அப்ப சரி," என்றார். எது சரி என்று தெரியவில்லை.

இரண்டு பீப்பாயில் முந்நூற்றுப் பதினேழு, இரண்டில் பழைய ரகம். சித்திரை வெயிலில் என் அறையைவிட அவற்றுக்குத்தான் அதிகம் தண்ணீர் செலவானது. ஆனி முடிவதற்குள் என் தலைக்கு மேலே வளர்ந்துவிட்டன. வயலில் நாலே கரும்பு விட்டது மாடியில் தூருக்கு ஏழு விட்டது. தலைவருக்குப் போட்டோ அனுப்பினேன். 'நல்லாருக்காங்க. நோய் எப்போ?' என்று பதில் வந்தது.

நோய்க்கு ஒரு சிக்கல். எங்கள் ஆய்வுக்கூடம் அடையாறில் ஒரு வாடகை வீட்டில் இருந்தது. அங்கே செவ்வழுகல் பூஞ்சையைக் கண்ணாடிக் குழாயில் வளர்த்து வைத்திருந்தார்கள். ஆனால் குழாயிலேயே வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தால் பூஞ்சைக்கும் சோம்பல் வந்துவிடும். கரும்பைத் தாக்கும் வீரியம் போய்விடும். "அது பென்ஷன் வாங்கிட்டு உக்காந்திருக்குதுங்க," என்றார் தலைவர். "புதுசா ஒண்ணு புடிச்சுட்டு வாங்க."

மயிலாப்பூரில் வீரியமான செவ்வழுகல் எங்கே கிடைக்கும்? இரண்டு நாள் யோசித்துவிட்டுக் குளத்துப் பக்கம் கரும்பு ஜூஸ் வண்டிக்காரரிடம் போனேன். வண்டிக்குப் பின்னால் கரும்புகளைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். நுனியில் ஒரு வெட்டு வெட்டிப் பார்ப்பார். வெள்ளையாக இருந்தால் இந்தப் பக்கம், சிவப்பு தெரிந்தால் அந்தப் பக்கம். எங்கள் தலைவருக்குச் சரியான ஆள்.

"அண்ணா, அந்தச் சிவப்புக் கரும்பு கிடைக்குமா?"

நிமிர்ந்து பார்த்தார். "அது கெட்டதும்மா. நல்லது கீது, புழிஞ்சு தரேன்."

"நல்லது வேண்டாம். கெட்டதுதான் வேணும்."

கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தார். குரல் மாறிவிட்டது. "மேடம், கார்ப்பரேசனா?"

"இல்லண்ணா."

"இங்க பாருங்க மேடம், கெட்டுப்போனத நான் மிசின்லயே உடறது இல்ல. யார வேணா கேட்டுக்க. ஐசுகூட கேன் தண்ணிதான்."

"அண்ணா, நான் ஆபீசர் இல்ல. கரும்பு ஆராய்ச்சி. இந்த நோயை எடுத்துட்டுப் போய் என் கரும்புக்குக் குடுக்கணும்."

அவர் சிவப்புக் குவியலில் கிளறி, நல்லதாக ஒன்றை, அதாவது மோசமானதாக ஒன்றைத் தேடி எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். "இன்னா ஜென்மத்துப் பகையோ," என்றார், கரும்புக்கும் எனக்கும் நடுவில் எங்கேயோ பார்த்து.

அந்தக் கரும்பிலிருந்து அடையாறில் பூஞ்சையைப் பிரித்து, தட்டில் வளர்த்தோம். சாம்பல் பஞ்சு மாதிரி திமுதிமுவென்று வளர்ந்தது. பென்ஷன்காரர் மாதிரியே இல்லை.

ஆடி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நோய் கொடுத்தேன். கரும்பின் அடியிலிருந்து மூன்றாவது கணுவிடையில், அதாவது இரண்டு கணுவுக்கு நடுவில், கைத்துளைப்பானால் ஒரு சின்ன ஓட்டை. அதற்குள் ஊசியால் பூஞ்சைக் கரைசல் ஒரு சொட்டு. ஓட்டையைக் களிமண்ணால் மூட வேண்டும். குழந்தைகள் விளையாடும் வண்ணக் களிமண் கடையில் கிடைத்தது. முந்நூற்றுப் பதினேழுக்கு ரோஸ், பழைய ரகத்துக்குப் பச்சை. ஒவ்வொரு பீப்பாயிலும் மூன்று கரும்புக்குக் கொடுத்தேன், மற்றவற்றை விட்டுவைத்தேன். துணி காயப்போட வந்த சிஸ்டர் ஈரப் புடவையைத் தோளில் போட்டபடியே நின்றுவிட்டார்.

"இன்னா ஊசி பாப்பா? தடுப்பூசியா?"

"இல்ல சிஸ்டர், நோய்."

"நோய்க்கு ஊசியா?"

"நோயே ஊசியில இருக்கு. வருதா இல்லையான்னு பாக்கணும்."

சிஸ்டர் கிட்டே வந்து ஓட்டையைப் பார்த்தார். "மண்ண வெச்சு அடைக்கிறியே."

"அப்பதான் உள்ள காயாம இருக்கும். நோய் நல்லா புடிக்கும்."

"ம்." புடவையை உதறிக் கொடியில் போட்டார். நாற்பது வருஷம் டாக்டர்கள் எழுதியதை எதிர்த்துப் பேசாமல், தனக்குத் தெரிந்ததைச் செய்தவர் எப்படி 'ம்' சொல்வார் என்று எனக்கு அப்போது தெரியாது.

இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். அந்த இரண்டு மாதத்தில் எனக்குத் துப்பு கிடைக்காமல் இல்லை. சாயங்காலம் அலுவலகத்திலிருந்து வந்து மாடி ஏறினால் சில நாள் ஆஸ்பத்திரி வாடை அடிக்கும். சந்தில் யாருக்கோ உடம்பு சரியில்லை போல என்று நினைத்துக்கொள்வேன். ஒரு நாள் பீப்பாய் ஓரத்தில் பஞ்சு உருண்டை கிடந்தது. காக்கா கொண்டுவந்து போட்டிருக்கும் என்று எடுத்து எறிந்தேன். விஞ்ஞானம் படித்தவள் நான்.

புரட்டாசிக் கடைசியில் பிளந்து பார்க்கும் நாள். முந்நூற்றுப் பதினேழின் முதல் கரும்பை வெட்டி, தரையில் படுக்கவைத்து, கத்தியை நீளவாக்கில் இறக்கினேன். பாலாக வெள்ளை. சிவப்பு ஒரு பொட்டுகூட இல்லை. இரண்டாவது. வெள்ளை. ஆறையும் பிளந்தேன், ஆறும் வெள்ளை. மொட்டை மாடியில் நான் ஆடிய ஆட்டத்தைப் பக்கத்து வீட்டுப் பூனை மட்டும் பார்த்தது. உடனே போட்டோ எடுத்துத் தலைவருக்கு அனுப்பினேன். 'ஒரு வரிசை சார்' என்று கீழே எழுதினேன். அதோடு விட்டேனா? என் கல்லூரித் தோழிகள் குழுவுக்கும் அனுப்பி, ரகத்துக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கருத்துக்கணிப்பு நடத்தினேன். என் பெயர் இரண்டாவது இடத்தில் வந்தது.

தலைவர் கூப்பிட்டார்.

"நல்லாருக்குதுங்க. பழைய ரகம் என்னாச்சு?"

"இன்னும் வெட்டலை சார். அது எப்படியும் செத்திருக்கும்."

"வெட்டிப் பாருங்க. நான் லைன்லயே இருக்கேன்."

செல்போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பச்சைக் களிமண் வைத்த கரும்புகளை ஒவ்வொன்றாக வெட்டிப் பிளந்தேன். வெள்ளை. பாலாக வெள்ளை. ஊரறிந்த நோஞ்சான், கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஜம்மென்று படுத்திருந்தார்.

"வெள்ளையா இருக்கு சார்," என்றேன்.

"இவர் படுத்தாத்தான் நெசம்னு சொன்னேனுங்களே. நோயே உள்ள போகலைங்க. ரெண்டு பேருக்கும்." நான் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. "அந்த ஓட்டைக்குள்ள வெள்ளையா என்னமோ தொங்குதுங்களே, அது என்னங்க?"

குனிந்து பார்த்தேன். களிமண்ணைத் தள்ளினேன். அதற்குப் பின்னால் ஒரு மெழுகு மூடி. மெழுகைப் பெயர்த்தால், ஓட்டைக்குள் அழகாக மடித்துத் திணித்த காஸ் துணி. இழுத்தேன். விரல் நீளத்துக்கு வந்துகொண்டே இருந்தது. ஸ்பிரிட் வாடை.

கீழே இறங்கினேன். சிஸ்டர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"சிஸ்டர், கரும்புக்குள்ள துணி வெச்சீங்களா?"

"துணி இல்ல பாப்பா. காஸ்." கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மண்ண வெச்சு அடைச்சியே, எனக்கு மனசே ஆவல. புண்ணுல மண்ணு வெச்சா இன்னா ஆவும்? எத்தினி கேஸு பாத்துக்கீறேன். நீ ஆபீசு போனதும் ஸ்பிரிட்டு ஊத்திக் கழுவினேன். மூணு நாளுக்கு ஒருக்கா டிரெஸ்ஸிங் மாத்தினேன். கோயில்ல மீந்த மெழுகுவர்த்தி இருந்துது, அத உருக்கி மூடினேன். மேல உன் ரோஸ் மண்ணையே வெச்சிட்டேன், நீ மனசு கஷ்டப்படுவியேன்னு."

"பச்சை மண்ணுக்கும் பண்ணினீங்களா?"

"வார்டுல ஒருத்தருக்குப் பண்ணிட்டு ஒருத்தர உட்ருவாங்களா?"

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கோபப்பட வேண்டும் என்று தோன்றியது. ஆனால் என் வாழ்க்கையிலேயே நான் பார்த்த மிகச் சுத்தமான வேலை அது. பன்னிரண்டு கரும்பு, இரண்டு மாதம், ஒரே ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. எங்கள் தொழிலில் செவ்வழுகலுக்கு வைத்தியம் கிடையாது என்பார்கள். சந்துக்குள் ஒருத்தர் குணப்படுத்தியிருக்கிறார்.

பிறகு விளக்கினேன். முந்நூற்றுப் பதினேழு நோயைத் தாங்குமா என்று தெரியாமல் விவசாயி வயலுக்கு அனுப்பினால் அங்கே காடே போய்விடும் என்று. பழைய ரகம் விழுந்தால்தான் நோய் உண்மையாகவே உள்ளே போனது என்று அர்த்தம் என்று. சிஸ்டர் ஆய்ந்த கீரையை முறத்தில் குவித்தார்.

"அப்ப அந்தப் பழையவன் சாவணும்."

"ஆமா."

"உன் ஆளு பொழைக்கணும்."

"ஆமா சிஸ்டர்."

"ஒரே ஊசி, ஒருத்தன் சாவணும், ஒருத்தன் பொழைக்கணும். இதுக்கு நான் எப்டி வேண்டிக்கிறது?" உண்மையாகவே யோசித்தார். "நான் வேண்டிக்கவே மாட்டேன். ரெண்டு பக்கமும் இல்ல. அது நியாயம்."

தலைவரிடம் நடந்ததைச் சொன்னேன். வேலை போய்விடும் என்று நினைத்தேன். அவர் நீண்ட நேரம் இருமினார். அது இருமல் இல்லை என்று பிறகு புரிந்தது. "அந்தம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க. மிச்சக் கரும்புக்கு மறுபடி நோய் குடுங்க. மார்கழிக்கு முன்னால. இனி அந்த ஸ்பிரிட் பாட்டிலைக் கொஞ்சம் பூட்டி வெச்சுக்கோணுமுங்க."

இரண்டாம் முறை ஐப்பசி பிறக்கும்போது. விட்டுவைத்திருந்த கரும்புகளில் பீப்பாய்க்கு மூன்று. இந்த முறை சிஸ்டர் கூடவே நின்றார். ஊசி போடும் வேலையைத் தொடமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார், ஆனால் நான் கோணலாகத் துளைக்கிறேன் என்று துளைப்பானைப் பிடித்துக்கொண்டார். அடுத்த நாள் பார்த்தால் ஒவ்வொரு பீப்பாய்க்கும் ஒரு அட்டை தொங்கியது. பெட் ஒன்று, பெட் இரண்டு. தேதி, காலை நிலவரம், மாலை நிலவரம். 'இலை பச்சை. பேஷன்ட் நார்மல்' என்று சிஸ்டர் கையெழுத்தில்.

மழை பிடித்துக்கொண்டது. பூஞ்சைக்கு மழைதான் கல்யாணச் சாப்பாடு. ஒரு நாள் மழைக்காக அலுவலகத்துக்கு விடுமுறை விட்டார்கள். மத்தியானம் குடையோடு மாடியில் சுற்றி வந்தபோது பெட் ஒன்றில், அதாவது என் முந்நூற்றுப் பதினேழில், நுனியிலிருந்து மூன்றாவது இலை மஞ்சளாகியிருந்ததைப் பார்த்தேன். மழையால் இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொண்டே கீழே இறங்கி, சிஸ்டர் அலமாரியிலிருந்து ஸ்பிரிட் பாட்டிலை எடுத்துத் துப்பட்டாவுக்குள் வைத்தேன். பூட்டி வைக்கச் சொன்னது யாரிடமிருந்து என்பது அப்போதுதான் எனக்கே புரிந்தது.

படியில் பாதி ஏறியிருப்பேன்.

"பாப்பா." சமையலறை வாசலில் சிஸ்டர். "வயித்து வலியா, துப்பட்டாவ அப்டிப் புட்சிக்கினு போற?"

நான் அடுத்த படியில் கால் வைத்தேன்.

"பாட்டில வை."

"ஒரே ஒரு கரும்புக்கு சிஸ்டர். ஒண்ணுக்கு மட்டும்."

"கேஸ் ஷீட்டுல இன்னான்னு எழுதுறது? நீயே சொல்லு, எழுதிக்கிறேன்."

படியில் திரும்பி இறங்கினேன். பாட்டிலைக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி மூடியை இறுக்கி, அலமாரியில் அதன் இடத்தில், லேபிள் வெளியே தெரிகிற மாதிரி வைத்தார். "வந்து சூடா டீ குடி," என்றார். அன்று மாலை அட்டையில் 'மூன்றாம் இலை மஞ்சள். அட்டெண்டர் அழுகை' என்று எழுதியிருந்தது. அட்டெண்டர் நான்தான்.

மார்கழி பிறக்க ஒரு வாரம் இருந்தது. சந்தில் வீட்டு வாசல்களில் காகித நட்சத்திரங்கள் தொங்க ஆரம்பித்துவிட்டன. சிஸ்டர் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு மாடிக்கு வந்தார்; கேட்டதற்கு, துவைத்த வேறு புடவை இல்லை என்றார். இந்தத் தடவை பழைய ரகத்தை முதலில் பிளந்தேன். கத்தி இறங்கும்போதே சாராய வாடை வந்துவிட்டது. கீழிருந்து எட்டாம் கணுவரை சிவப்பு, நடுநடுவே வெள்ளைத் திட்டு, பாடப் புத்தகத்தில் போடலாம். "வந்துடுச்சு," என்று கத்தினேன். ஒருத்தர் செத்ததற்கு யாரும் அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்கள். சிஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டார்.

பிறகு முந்நூற்றுப் பதினேழு.

முதல் கரும்பு, மூன்றாம் கணுவிடையில் சிவப்பு. அது போகட்டும், ஊசி போட்ட இடம், இருக்கத்தான் செய்யும். நோய் தாங்கும் ரகம் என்றால் சிவப்பு கணுவோடு நின்றுவிட வேண்டும். கத்தியை மேலே நகர்த்தினேன். நாலாம் கணு தாண்டியிருந்தது. ஐந்து. ஆறு. எங்கேயும் நிற்கவில்லை. இரண்டாவது கரும்பும் அப்படியே. ஆறையும் பிளந்தேன், ஒன்றாவது தாங்கியிருக்கும் என்று. பழைய ரகத்தில்கூட எட்டாம் கணுவில் நின்ற நோய், என் ஆளிடம் தோகைவரை போயிருந்தது. நோஞ்சானைவிட நோஞ்சான்.

சிஸ்டர் புடவையில் குத்தியிருந்த பேனாவை எடுத்தார்.

"மணி இன்னா?"

"பத்து இருபது."

எழுதிக்கொண்டார்.

தலைவருக்குப் போட்டோ அனுப்பினேன். அடியில் ஒன்றும் எழுதவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே கூப்பிட்டார்.

"பாத்தேனுங்க."

"ஆமா சார்."

"நல்லா இனிச்சாங்களாங்க?"

மாதக்கணக்கில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. "ரொம்ப இனிச்சாங்க சார்," என்றேன்.

"ம்." அந்தப் பக்கம் வயலில் காற்று அடிப்பது கேட்டது. "போட்டுருங்க. கரணைகூட வெச்சுக்காதீங்க. எல்லாத்தையும் எரிச்சுருங்க. மண்ணைக்கூட."

எரிப்பதற்குச் சிஸ்டர் சம்மதிக்கவில்லை. கொடியில் சந்து முழுக்கத் துணி காய்கிறது, புகை ஆகாது என்றார். அவருக்கு வேறு வழி தெரிந்திருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து பிரியாணி அண்டாவை வாங்கிவந்து, மாடியில் கேஸ் அடுப்பை ஏற்றி, தண்ணீர் கொதிக்கவிட்டார். கரும்புகளைத் துண்டு துண்டாக வெட்டி நான் போட, அவர் நீளக் கரண்டியால் அமுக்கி அமுக்கி விட்டார், ஆஸ்பத்திரியில் கத்தரிக்கோல் வேகவைக்கிற மாதிரி. மண்ணும் அப்புறம் இதே வழியில்தான் என்றார். "இருவது நிமிசம் தளதளன்னு கொதிக்கணும். எந்தக் கிருமியும் நிக்காது."

பத்தாவது நிமிடத்தில் வாசனை கிளம்பியது. நோயின் புளிப்பு முதலில் ஆவியோடு போய்விட்டது. அதற்கு அடியிலிருந்து எழுந்தது வேறு. புது வெல்லம் காய்ச்சும் வாசனை, கெட்டியாக, தொண்டையில் ஒட்டிக்கொள்கிற மாதிரி. மாடியை நிரப்பி, கைப்பிடிச் சுவர் தாண்டி, சந்துக்குள் இறங்கியது. மீட்டர் பொய் சொல்லவில்லை. நான் வெட்டுவதை நிறுத்திவிட்டு மூச்சை இழுத்துக்கொண்டு நின்றேன்.

எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்தார். கையில் பாதி மடித்த போர்வை. "சிஸ்டர், கிறிஸ்மஸுக்கு இப்பவே பலகாரமா? தெரு முழுக்க மணக்குது. இன்னா விசேசம்?"

சிஸ்டர் கரண்டியால் ஒரு துண்டை ஓரத்துக்குத் தள்ளி, வெந்துவிட்டதா என்று அழுத்திப் பார்த்தார்.

"விசேசம் ஒண்ணும் இல்லம்மா," என்றார். "ஒரு பேஷன்ட்டு."